அரை விரல் குறைந்த கட்லா

நரியோடை அணையில் மீன் அளக்கும் வேலைக்கு அமிர்தவல்லியைப் போடலாம் என்று மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவள் பஞ்சவர்ணம்தான். பிற்பாடு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அமிர்தவல்லிக்கு அது ஞாபகம் வரும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது அந்த அணை. அது வருவதற்கு முன்னால் அங்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் காடு இருந்தது. நிலம் போனவர்களுக்கு அணையில் மீன் பிடிக்கும் உரிமை என்று அறிவித்தபோது ஊரில் ஒருத்தருக்கும் பரிசல் ஓட்டத் தெரியாது. களை வெட்டிய கைகள் துடுப்புப் போடப் பழகின. ஆண்களில் பாதிப்பேர் சிமெண்ட் ஆலைக்கும் லாரிக்கும் போய்விட்டதால் பெண்களும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அமிர்தவல்லியும் பஞ்சவர்ணமும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அடுத்தடுத்த வீடு; நடுச்சுவர் பொது. ஒரு பரிசலும் இருவருக்கும் பொது என்று ஆனது. பஞ்சவர்ணம் துடுப்புப் போடுவாள், அமிர்தவல்லி வலை விடுவாள். பரிசலில் தனி ஆளாக வலை விடுவது லேசில்லை. வலையை இழுக்கக் குனிந்தால் பரிசல் சுழன்றுவிடும். ஒருத்தி குனியும்போது இன்னொருத்தி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அவர்களுக்குப் பேசாமலே தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் பேசாமல் இருந்ததில்லை. விடியும்போது தண்ணீரில் இறங்கினால் வெயில் ஏறும் வரை பேச்சுதான். மாமியார் கதை, சீட்டு எடுத்தவள் கதை, யார் மகள் யாரோடு போனாள் என்கிற கதை. மீன் ஓடிப்போகும் என்று மற்ற பரிசல்காரர்கள் சத்தம் போடுவார்கள்.

முதல் இரண்டு வருஷம் ஊரே அகப்பட்டதையெல்லாம் பிடித்தது. மீன்வளத்துறை விட்ட கட்லாக் குஞ்சுகள் உள்ளங்கை அளவு வளர்வதற்குள் சின்னக் கண்ணி வலையில் அள்ளிக்கொண்டு வந்து விற்றார்கள். மூன்றாம் வருஷம் வலை வெறுமையாக வந்தது. அப்போதுதான் துறையிலிருந்து சட்டம் வந்தது. கட்லா, ரோகு எதுவானாலும் வாயிலிருந்து வால் நுனி வரை ஒரு முழம் இருந்தால்தான் கரைக்குக் கொண்டு வரலாம். குறைந்தால் சங்கம் எடுத்துக்கொள்ளும். வலைக் கண்ணியில் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

கூட்டத்தில் பலபேர் முணுமுணுத்தார்கள். அமிர்தவல்லி மட்டும் சட்டத்தை ஆதரித்துப் பேசினாள். விதை நெல்லைப் பொங்கித் தின்றுவிட்டு வயலைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்டாள். அப்படியானால் அளந்து பார்க்க நம்மிலேயே ஒரு ஆள் வேண்டும் என்றார் சங்கச் செயலாளர் செல்லக்கண்ணு. அந்த ஆள் மீன் பிடிக்கக் கூடாது. மாதச் சம்பளம் உண்டு. யார் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது பஞ்சவர்ணம் எழுந்தாள்.

“அமிர்தத்தப் போடுங்கண்ணே. அவ அண்ணன் தம்பின்னு பாக்க மாட்டா. நேரா நடப்பா.”

கூட்டம் முடிந்து வரும்போது, என்னை விட்டால் உனக்கு யார் வலை விடுவார்கள் என்று அமிர்தவல்லி கேட்டாள். எங்க வூட்டு மனுஷன் தண்டமாத்தானே குந்தியிருக்கு, அதைக் கூட்டிக்கிட்டுப் போறேன், நீ நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கு என்று பஞ்சவர்ணம் சிரித்தாள்.

கரையில் தகரக் கொட்டகை போட்டார்கள். சிவப்புக் கோடு போட்ட ஒரு பலகை வந்தது. மீனின் வாயைப் பலகையின் ஒரு முனையில் முட்டவைத்தால் வால் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அது சங்கத்துப் பெட்டிக்குப் போகும். ஆரம்பத்தில் எல்லோரும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். பெட்டி நிறைய ஆரம்பித்ததும் வேடிக்கை நின்றது. ஒருநாள் செல்லக்கண்ணுவின் தம்பி கொண்டுவந்த கூடை முழுவதையும் அமிர்தவல்லி பெட்டியில் கொட்டினாள். அவன் கைலியை உதறிக் கட்டிக்கொண்டே, எல்லோரும் கேட்க, “ஒன் கூட்டாளி மீனா இருந்தா வால இழுத்துவுட்டு அளந்திருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பேச்சு அவளைக் குடைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் பஞ்சவர்ணத்தின் மகன் அருள்முருகனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பெண் மேகலாவுக்குக் கீழப்பழுவூர். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அணையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வேட்டியும் பட்டுச்சேலையுமாகக் கரைக்கே நடந்து வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பஞ்சவர்ணத்தின் பரிசல் வந்து ஒதுங்கியது. சம்பந்தி வீட்டுக்கு அணை மீனில் குழம்பு வைக்க வேண்டும் என்று விடியலிலேயே புருஷனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து வலையில் ஒரே ஒரு கட்லா. அதை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். சம்பந்தியம்மாளிடம், “நம்ம அமிர்தம்தான், என் கூடப் பொறக்காத பொறப்பு” என்று சொல்லிக்கொண்டே மீனைப் பலகையில் வைத்தாள்.

வால் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. அரை விரல் குறைந்தது.

கரையில் மற்ற பரிசல்காரர்கள் நின்றார்கள். செல்லக்கண்ணுவின் தம்பியும் நின்றான். அமிர்தவல்லி மீனின் வாயை இன்னொரு தரம் முனையில் முட்டவைத்துப் பார்த்தாள். வாலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அரை விரல் அரை விரலாகவே இருந்தது. அவள் நிமிரவில்லை. மீனை எடுத்துச் சங்கத்துப் பெட்டியில் போட்டாள்.

பஞ்சவர்ணம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சம்பந்தியம்மாளிடம் வெயில் ஏறுகிறது, வாங்க போகலாம் என்றாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் சாம்பார் வைத்த வாசம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்திருக்கலாம். ஆட்கள் கிளம்பட்டும் என்று இருந்தாள். மறுநாள் போகலாம் என்று இருந்தாள். மறுநாள் தெருக்குழாயில் எதிரே பார்த்தபோது பஞ்சவர்ணம் குடத்தை நகர்த்தி வழிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு போவதற்கு ஒரு நாள் வாய்க்கவே இல்லை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. ஊருக்கே வைத்ததுபோல வைத்துவிட்டுப் போனார்கள். கல்லங்குறிச்சிக் கோயிலில் தாலி கட்டினார்கள். அமிர்தவல்லி போய், கூட்டத்தோடு அட்சதை போட்டுவிட்டு வந்தாள். சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அவள் புருஷன் நல்லதம்பி ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டினான். லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போனால் திரும்பி வர ஒரு வாரமாகும். மகள் கவிதாவை ஜெயங்கொண்டத்தில் கொடுத்திருந்தது. ஆக வீட்டில் அவள் ஒருத்திதான். கொட்டகையில் அவளிடம் மீனைக் கொண்டு வருகிறவர்கள் பலகையில் வைத்துவிட்டு அணையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அளந்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போவார்கள். சண்டை போடுகிறவர்களும் போகப்போகச் சண்டையை விட்டார்கள். சண்டை இருந்தவரையாவது பேச்சு இருந்தது. குழாயடிக்கு அவள் போனால் பெண்கள், “நீங்க மொதல்ல புடிங்க” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். தண்ணீர் சீக்கிரம் கிடைத்துவிடும். குடம் நிறைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

நடுச்சுவர் வழியாக எல்லாம் கேட்டது. மேகலா வந்து விளக்கேற்றிய நாள், மாமியாரும் மருமகளும் கிரைண்டரை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு, மேகலா பரிசலில் பயந்து கத்தியதைப் பஞ்சவர்ணம் புருஷனுக்கு நடித்துக் காட்டியது. பிறகு ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அந்த அழுகையை வைத்தே பசிக்கு அழுகிறதா வயிற்று வலியா என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். குழந்தையின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

சட்டம் வந்த பிறகு இரண்டு மூன்று வருஷம் மீன் நன்றாகவே வந்தது. நாலு கிலோ, ஐந்து கிலோக் கட்லாக்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அரியலூர் வியாபாரிகள் வேன் எடுத்துக்கொண்டு கரைக்கே வந்தார்கள். அமிர்தவல்லிதான் நாலு பேரைப் பகைத்துக்கொண்டு இதைச் செய்தாள் என்று யாராவது ஒருத்தர் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. நல்ல மழை என்றுதான் சொன்னார்கள்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. தண்ணீர் இறங்கி அணைக்குள் பழைய வரப்புகள் தெரிந்தன. துறை மட்டும் வழக்கம்போல லாரியில் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டியது. வலையில் விழுகிற மீன் எல்லாம் தலை பெருத்து உடம்பு சூம்பி வந்தது. பலகையில் வைத்தால் எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. சங்கத்துப் பெட்டி நிறைந்தது. வீட்டுக்கு வெறுங்கூடை போயிற்று. தெருவில் அவளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அவள் அளந்துகொண்டே இருந்தாள்.

அந்தச் சித்திரையில் துறையிலிருந்து பூங்குழலி என்ற பெண் வந்தாள். மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவள். நாலைந்து நாள் தங்கி, அணையின் பல இடங்களில் வலை விட்டு, பிடித்ததையெல்லாம் நிறுத்தாள், அளந்தாள், வயிற்றைக் கிழித்துப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டை அமிர்தவல்லியோடு கொட்டகையிலேயே சாப்பிட்டாள். தன்னோடு ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அமிர்தவல்லி எண்ணிப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள் பூங்குழலி ஒரு மீனின் செதிலைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மரத்தில் இருப்பதுபோல அதில் வளையம் இருந்தது. இது குஞ்சு இல்லை, மூன்று வயது மீன், வளரவில்லை என்றாள். தண்ணீர் குறைந்துபோய் மீன் கூட்டம் அதிகமாகிவிட்டது; தீனி பங்கு போட்டுப் பங்கு போட்டு எதுவும் கோட்டைத் தொடப்போவதில்லை; சின்னதைப் பிடிக்காதே என்று வைத்திருக்கிற சட்டமே இப்போது மீனை வளரவிடாமல் வைத்திருக்கிறது. நெருக்கமாக முளைத்த சோளத்தைக் கலைத்து விடாவிட்டால் ஒன்றிலும் கதிர் பிடிக்காது என்பது அமிர்தவல்லிக்குத் தெரியும். அதனால் விஷயம் உடனே புரிந்துவிட்டது. வேறு ஒன்றுதான் புரியவில்லை.

“அப்ப இத்தனை வருஷமா நான் புடுங்கிப் போட்டதெல்லாம் தப்பாம்மா?”

“தப்பு இல்லக்கா. அன்னிக்குத் தண்ணி நெறைய, மீன் கம்மி. அன்னிக்கு அது சரி. இன்னிக்கு வேற.”

தப்பு என்று சொல்லியிருந்தால்கூட எங்கேயாவது போய் அழுதிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

வைகாசியில் சங்கக் கூட்டம் போட்டார்கள். அணை நிரம்புகிற வரை அளவுச் சட்டம் கிடையாது, சின்னக் கண்ணி வலை விடலாம், இந்த வருஷம் குஞ்சு விடப்போவதில்லை என்று செல்லக்கண்ணு படித்தார். சனங்கள் கைதட்டினார்கள். அளக்கிற வேலை இனி இல்லை என்பதால் அமிர்தவல்லிக்குப் பழையபடி மீன்பிடி உரிமையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, யாரோடு பரிசலில் போகிறாய் என்று கேட்டார். முன்வரிசையில் பஞ்சவர்ணம் மருமகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பின்னங்கழுத்தும் கொண்டையும் மட்டும் தெரிந்தன.

“தனியாப் போய்க்கிறேண்ணே,” என்றாள் அமிர்தவல்லி.

மறுநாள் வெயில் தாழ, அவள் தலையை வாரிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். பஞ்சவர்ணம் முற்றத்தில் புது வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கியது.

என்ன பேசுவது என்று அமிர்தவல்லி வழியில்கூட யோசித்து வைத்திருக்கவில்லை. வழி நாலு எட்டுதான். அளவெல்லாம் எடுத்துவிட்டார்களே என்று ஆரம்பித்தாள். பஞ்சவர்ணம் குண்டைக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“அளவு இருந்தா என்ன, போனா என்ன. மீனுக்கா நான் ஒன்னய வுட்டேன்? நீ போட்டது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நாந்தானே ஒன்னய நேரா நடப்பான்னு சொல்லி வேலைக்கு வச்சேன்.”

“பின்ன ஏன் வர்ணம்?”

“நீ என் மொகத்தப் பாக்கலடி. சம்பந்தி எதுக்க நிக்கிறேன். ஒரு தடவ நிமுந்து, வர்ணம், இது ஆவாதுன்னு வாயால சொல்லியிருந்தா, நானே தூக்கிப் பொட்டியில போட்டிருப்பேன். யாரோ எவளோ மாதிரி குனிஞ்ச தல நிமுராம போட்ட.”

அமிர்தவல்லி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் சொல்லத் தெரியாமல் கிடந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

“பாத்திருந்தா வுட்டுருப்பேன் வர்ணம். அதுக்குத்தான் பாக்கல.”

பஞ்சவர்ணத்தின் கை வலையில் அப்படியே நின்றது. பிறகு அடுத்த குண்டை எடுத்தாள். உள்ளே குழந்தை புரண்டு சிணுங்கியது. அவள் எழுந்து உள்ளே போனாள். தொட்டிலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. அமிர்தவல்லி வாசலில் நின்று பார்த்தாள். பஞ்சவர்ணம் திரும்பி வரவில்லை. சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. அமிர்தவல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நல்லதம்பி போனில், ரெட்டிபாளையத்திலேயே ஒரு வீடு பார்க்கிறேன், வந்துவிடு என்றான். அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள், நீங்கள் பாலக்காட்டில் இருக்கும்போது நான் அந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றாள். அப்படியானால் லாரியை விட்டுவிட்டுத் துடுப்புப் போட வரட்டுமா என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு வெகுநாளாயிற்று என்று தோன்றியதும் நின்றுவிட்டது.

ஒரு பழைய பரிசலை வாங்கித் தார் பூசினாள். தனியாகப் போனாள். முதல் நாள் வலையை விடவே முடியவில்லை. பரிசல் தட்டாமாலை சுற்றியது. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரில் நின்ற பட்டுப்போன வேலமரத்தில் வலையின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, பின்பக்கமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வலையை விட்டாள். நேரம் பிடித்தது. மற்றவர்கள் விற்றுவிட்டு வீடு போகும்போது அவள் வலை எடுத்துக்கொண்டிருப்பாள். கிடைத்தது ஒரு ஆள் பிழைக்கப் போதும். பேச்சுத் துணை இல்லாமல் தண்ணீரில் இருப்பது, கரையில் இருந்ததைவிட என்னவோ பரவாயில்லாமல் இருந்தது. அங்கே யாரும் இல்லாததால் யாரும் பேசாமலிருப்பதில்லை.

ஆடி பிறந்தது. காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அன்று காலையில் பாதி வலை எடுத்திருந்தபோது காற்று பரிசலின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது. கயிற்றை அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். மரத்தில் கட்டிய முனை இழுக்க, காற்று இந்தப் பக்கம் தள்ள, பரிசல் ஒருபுறம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. விட்டால் வலை போகும். அவள் விடாமல் பிடித்தாள். இன்னும் சாய்ந்தது.

கொஞ்ச தூரத்தில் பஞ்சவர்ணமும் மேகலாவும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து காற்றுக்கு மேலே சத்தம் வந்தது.

“கயித்த வுடு அமிர்தம். வலை கெடக்குது, வுடு. கெழக்க திருப்பு.”

அமிர்தவல்லி கயிற்றை அவிழ்த்து விட்டாள். பரிசல் குலுங்கி நிமிர்ந்தது. துடுப்பை எடுத்துக் கிழக்கே திருப்பினாள். காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. சும்மா துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும் என்று ஆனது. பஞ்சவர்ணத்தின் பரிசல் முன்னே போய்விடாமல், கிட்டேயும் வராமல், பக்கத்திலேயே கரை வரை வந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

கரையில் இறங்கியதும் அமிர்தவல்லி பேசப் போனாள். பஞ்சவர்ணம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மருமகளை விரசாக வரச் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறிவிட்டாள். மேகலா மட்டும் திரும்பி, காற்று நின்ற பிறகு வலையை எடுக்க வாங்க, அத்தை எடத்தப் பாத்து வச்சிருக்கு என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அதிலிருந்து இன்று வரை அப்படித்தான் இருக்கிறது. தண்ணீரில் எதிர்ப்பட்டால் பஞ்சவர்ணம் இரண்டு வார்த்தை சொல்கிறாள். அந்தப் பக்கம் விலை போகாத ஜிலேபிக் கெண்டைதான் விழுகிறது, போகாதே என்கிறாள். மழை இருட்டுகிறது, எடு என்கிறாள். அமிர்தவல்லி சரி என்கிறாள். சில நாள் கூடுதலாக ஒரு வார்த்தை சேர்த்துப் பார்க்கிறாள். கரைக்கு வந்தால் அதுவும் இல்லை. விற்றுவிட்டுப் பஞ்சவர்ணம் மேட்டு வழியே போகிறாள். அமிர்தவல்லி இன்னும் கொஞ்ச நேரம் பரிசலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேட்டு வழியை அவளுக்கு விட்டு ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.